சிவசாமி ரகசியம் பேசினால்

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைச் சாயக் கிண்ணத்தில் தோய்த்து, கணவரின் மீசையில் வலது பக்கத்தை முடித்துவிட்டு இடது பக்கத்துக்கு வந்தாள் யோகேஸ்வரி. சிவசாமி அவளுக்கு ஒத்துழைப்பதுபோல் வாயை இறுக மூடிப் படுத்திருந்தார். உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் இப்படி அசையாமல் இருந்ததில்லை. சாயம் பூசும்போதுதான் அவருக்குப் பேச்சு வரும். பேசிப் பேசி உதட்டையும் கறுப்பாக்கிக்கொள்வார்.

"அண்ணி, என்ன செய்றீங்க?"

வாசலில் கூடாரத்துக்குக் கயிறு கட்டிவிட்டு உள்ளே வந்த ஹரிதாஸ் அப்படியே நின்றுவிட்டான். சிவசாமியின் ஒரே தம்பி. கம்போங் ராஜாவில் காய்கறி வியாபாரம். செய்தி கேட்டதும் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு வந்தவன். இன்னும் கண் சிவப்பு மாறவில்லை.

"சனிக்கிழமை ஆனா பூசுவாரு தம்பி. இந்த வாரம் வெள்ளிக்கிழமையே போயிட்டாரு. வெள்ளை மீசையோட அனுப்புனா என்னைத்தான் ஏசுவாரு."

பக்கத்து வீட்டுச் செல்லம் சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். "நல்லா பூசுக்கா. டவுனுக்குப் போற மாதிரி இருக்கட்டும்."

சிவசாமி தோட்டத்து லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நேற்றுக் காலை வரக்கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தேயிலைத் தொழிற்சாலைக்குள் காட்டுப்பன்றி புகுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். யோகேஸ்வரி எத்தனையோ தடவை கேட்ட கதை. பன்றி மேனேஜர் அறைக்குள் நுழைகிற இடத்தில் நிறுத்தினார். அவள் சிரிப்பதற்காகத்தான் நிறுத்துகிறார் என்று நினைத்து, தோசையைத் திருப்பிப் போட்டபடியே சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே திரும்பிப் பார்த்தாள்.

மகள் தாரணி பத்து மணிவாக்கில் வந்து சேர்ந்தாள். ராணுவ முகாமிலிருந்து விடியுமுன் கிளம்பியிருக்கிறாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே வந்து அப்பாவின் தலைமாட்டில் மண்டியிட்டாள். வெட்டிவிட்ட முடி காதைக்கூடத் தொடவில்லை. செல்லம் ஒப்பாரியைத் தொடங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாரணி அப்பாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். தொண்டையிலிருந்து வந்தது சிரிப்பா அழுகையா என்று யாருக்கும் தெரியவில்லை.

"அம்மா, எடது பக்கம் கோணலா இருக்கு," என்றாள்.

பிரஷ்ஷை வாங்கி அவளே சரிசெய்தாள். அந்த விரல்களை யோகேஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்களில் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் போகாத கிரீஸ் கறுப்பு. கைமுட்டியில் பழைய தழும்பு.

தாரணி ராணுவத்தில் சேர்ந்தபோது யோகேஸ்வரி அழுது, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் சிவசாமியிடம் ஒரு வாக்கு வாங்கினாள். "ஆபீஸ் வேலைதான். டைப் அடிக்கணும், அவ்வளவுதான். நாக்காலிய விட்டு எந்திரிக்கக்கூட வேணாம்," என்று சொல்லியிருந்தார் அவர். முதல் ஒரு வருடம் அது உண்மையாகத்தான் இருந்தது. பிறகு தாரணி கவச வண்டிப் படைக்கு எழுதிப் போட்டாள். போடச் சொன்னதே சிவசாமிதான். அன்றிலிருந்து அப்பாவும் மகளும் சேர்ந்து அம்மாவிடம் அதை மறைத்து வந்தார்கள்.

மறைத்த விதம்தான் வேடிக்கை. சிவசாமி கைப்பேசியை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்னால் சௌசௌ பந்தலுக்கடியில் போய் நின்று ரகசியம் பேசுவார். காலமெல்லாம் லோரி எஞ்சின் சத்தத்தில் கிடந்து காது மந்தமாகிப்போன மனிதர். அவர் ரகசியம் பேசினால் லயத்து வரிசையின் கடைசி வீடுவரை கேட்கும். மேட்டில் ஏறும்போது என்ன கியர், சேற்றில் சங்கிலிச் சக்கரம் புதைந்தால் எப்படி வெளியே எடுப்பது, குண்டு போடும்போது காதை எப்படிப் பொத்துவது, எல்லாம் கேட்பார். "அம்மாவுக்குத் தெரியாம பாத்துக்க" என்று முடிப்பார். யோகேஸ்வரி குசினியில் அரிசி களைந்துகொண்டிருப்பாள்.

அமைதிப் படையோடு தாரணியை லெபனானுக்கு அனுப்பியபோது, "சபாவுல கோர்ஸ். அங்க லைன் கெடைக்காது," என்றார். யோகேஸ்வரியும் தலையாட்டினாள். அந்த மாதங்களில் மாரியம்மன் கோயிலில் அவள் விளக்குப் போடாத நாள் இல்லை. தன் சர்க்கரை வியாதிக்காகத்தான் போடுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவருக்குச் சர்க்கரை குறைந்துகூடப் போனது.

கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று பல தடவை வாய்வரை வந்தது. ஆனால் பந்தலடியில் பேசிவிட்டு உள்ளே வருகிற மனிதரின் முகத்தைப் பார்ப்பாள். மிட்டாயைத் திருடி வாய்க்குள் ஒதுக்கிக்கொண்ட பையனைப்போல இருக்கும். "என்ன சமையல்?" என்று சம்பந்தமில்லாமல் கேட்பார். அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பயத்தைத் தனியாகவே வைத்துக்கொண்டாள்.

குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, மாலை போட்டு, வாசல் கூடாரத்தில் பாடையில் கிடத்தியாயிற்று. சடங்கு செய்ய வந்த பண்டாரம் மண்குடத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: "கொள்ளி யாரு வைக்கிறா?"

"நான்தான்," என்றான் ஹரிதாஸ். "அண்ணனுக்கு ஆம்பளப் புள்ள இல்ல."

தாரணி கீழே பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யோகேஸ்வரி மகளின் தாடையைப் பார்த்தாள். சின்ன வயதில் எதையாவது கேட்க நினைத்துக் கேட்காமல் விடும்போது அப்படித்தான் இறுகும்.

"தாரணி வைக்கட்டும் தம்பி," என்றாள்.

கூடாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹரிதாஸ் அவள் எதிரில் வந்து குந்தினான். குரலைத் தாழ்த்தி, நிதானமாகத்தான் பேசினான்.

"அண்ணி, புள்ளைய நான் கொறச்சு சொல்லல. ஆனா பொம்பளப் புள்ள சுடுகாட்டுக்கு வர்றது நம்ம வழக்கத்துல இல்ல. அதுவும் ஆபீஸ்ல ஒக்காந்து டைப் அடிக்கிற புள்ள. பெத்த அப்பன் எரியிறத பாத்தா தாங்குமா? அதுக்குத்தானே நாங்க இருக்கோம்."

யோகேஸ்வரிக்கு ஏனோ அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. பாடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறோமே என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை.

"யாரு, இவளா டைப் அடிக்கிறவ? இவ கெரெத்தா கெபால் ஓட்டுறவ தம்பி. அந்த இரும்பு வண்டிய மலை மேல ஏத்தி எறக்குறவ. லெபனான்ல குண்டு விழுற எல்லையில இருந்துட்டு வந்தவ. ஒரு மண்கொடத்த தூக்கிட்டு நடக்கமாட்டாளா?"

தாரணி மெல்லத் தலையைத் தூக்கினாள். "அம்மா... ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஒங்கப்பா ரகசியமா பேசுனாரே."

பிறகு செல்லம் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "எங்க வீட்டுக்கும் கேக்கும் லா. நீ லெபனானுக்குப் போனப்ப நாங்களும்தான் ஒங்கம்மாகூட வெளக்கு போட்டோம்."

"சேத்துல மாட்டுனா ரிவர்ஸ் எடுக்கக்கூடாது," என்றார் கடைசி வீட்டுச் சின்னையா, நாற்காலியில் சாய்ந்தபடி. "எனக்கே பாடமாயிருச்சு."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. கூடாரம் முழுக்கப் பரவிவிட்டது. பறை அடிக்க வந்தவர்கள் என்னவென்று எட்டிப் பார்த்தார்கள். தாரணி அப்பாவின் மார்பில் நெற்றியை வைத்துக் குலுங்கினாள். அழுகிறாளோ என்று யோகேஸ்வரி தோளைத் தொட்டபோது, மகளின் முகம் கண்ணீரும் சிரிப்புமாக இருந்தது.

"ஒனக்குத் தெரியும்னு அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா அவருக்குப் பொழுதே போயிருக்காது."

ஹரிதாஸ் மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கு மட்டும்தான் தெரியலையா?" என்றான்.

"கம்போங் ராஜா தூரம் தம்பி. அவரு சத்தம் அதுவரைக்கும் எட்டல."

அவன் வாய் கோணியது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். "அப்ப எங்கண்ணனுக்கு நான் என்னதான் செய்யிறது?"

தாரணி எழுந்து அவன் அருகில் வந்தாள். "சித்தப்பா, கூட வாங்க. கொடம் ஒடைக்கிறப்ப பின்னால நில்லுங்க. இது எனக்குப் பழக்கமில்ல."

ஹரிதாஸ் பண்டாரத்தைப் பார்த்தான். பண்டாரம் குடத்தில் தண்ணீர் ஊற்றத் தொடங்கியிருந்தார். அவன் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, அண்ணன் மகளின் இடுப்பில் சுற்றி, இறுக்கமாக ஒரு முடிச்சுப் போட்டான்.

பெண்கள் தேயிலைச் சரிவின் வளைவுவரைதான் போவது வழக்கம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. யோகேஸ்வரி வளைவில் நின்று பார்த்தாள். குடத்தைத் தோளில் வைத்து தாரணி முன்னால் நடந்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது. சேற்றில் கால் வழுக்கவில்லை. பின்னால் ஹரிதாஸ் அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஓட்டமும் நடையுமாகப் போனான். மகளின் அந்த நடையை யோகேஸ்வரி அன்றுதான் பார்த்தாள். பந்தலடியில் நின்று அதைப்பற்றி அவர் என்னவெல்லாம் கேட்டிருப்பார் என்று தோன்றியது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. செல்லம் அவளைத் தடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, சாம்பலைக் கடலில் கரைக்க லூமுட்டுக்குக் கிளம்பினார்கள். சிவசாமியின் பழைய காடியைத் தாரணி ஓட்டினாள். சிவப்புத் துணி கட்டிய செம்பை மடியில் வைத்துக்கொண்டு யோகேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்தாள். வழியில் கியா பார்ம் கடைகளில் அப்போதுதான் ஸ்ட்ராபெரிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தாரணி நிறுத்தி அவித்த சோளம் வாங்கினாள். துக்க வீட்டுக்காரி ரோட்டில் சோளம் தின்னலாமா என்று ஒரு நொடி யோசித்தாள் யோகேஸ்வரி. பிறகு தின்றாள். இனிப்பாக இருந்தது.

"ஒன் வண்டியில இந்த மாதிரி கண்ணாடி இருக்குமா?" என்று கேட்டாள்.

இத்தனை வருடத்தில் அம்மா அதைப்பற்றிக் கேட்கிற முதல் கேள்வி. தாரணி திரும்பிப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தாள்.

"சின்னதா இருக்கும்மா. மூடிய மூடிட்டா கொஞ்சம்தான் தெரியும்."

"அப்புறம் எப்படி ஓட்டுவ?"

"மேல ஒருத்தர் தலைய நீட்டிக்கிட்டு நிப்பாரு. அவரு சொல்ல சொல்ல ஓட்டணும்."

"அவர நம்பியா?"

"ஆமா. அவர நம்பித்தான்."

கம்போங் ராஜாவைத் தாண்டி இறக்கம் தொடங்கும் இடத்தில் பனி மூடிக்கொண்டது. ரோட்டின் வெள்ளைக்கோடு முதலில் மங்கியது, பிறகு காணாமல் போனது. தாரணி விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, கண்ணாடிப் பக்கம் குனிந்தாள்.

யோகேஸ்வரி தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். செம்பை ஒரு கையால் மார்போடு அணைத்துக்கொண்டு, தலையையும் தோளையும் வெளியே நீட்டினாள்.

"கொஞ்சம் வலது பக்கம் வா. இங்க காவா பள்ளம் இருக்கு."

"சரிம்மா."

"போதும். நேரா வா."

காடி ஊர்ந்தது. நரைத்த முடியில் பனித்துளிகள் கோத்துக்கொண்டன. அவள் உள்ளே வரவில்லை.

"முன்னால லோரி நிக்கிது. மெதுவா."

"சரிம்மா."

"ம். இப்ப போ."