எந்த பந்த்?

நீலாவின் மேஜை ஜன்னலோரத்துக்கு மாறிய நாளிலிருந்து வெங்கட்ராமனுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

பதினோரு வருஷம்! துபாய்க்குப் பக்கத்து ராஸ் அல் கைமாவில் இருக்கும் அந்த வேட்டைத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு முதல் அமெரிக்க ஆர்டரைக் கொண்டுவந்தவரே அவர்தான். நீலா கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. ஏற்றுமதித் தலைவர் நாற்காலி காலியானதும் முதலாளி சயீத் இருவரையும் ஒரே தராசில் வைத்தார். அதிலும் கடல் தெரிகிற ஜன்னல் அவளுக்கு!

அந்த நேரம் பார்த்து அமெரிக்காவில் ஒரு மாநிலம் புதுச் சட்டம் போட்டது. பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினை, அதாவது துப்பாக்கியின் தோட்டாக் கூட்டை, இனி அங்கே விற்கக் கூடாது. இவர்கள் செய்வதோ பதினைந்து கொள்ளும் கூடு.

"நாம என்ன செய்யணும்? சரியான பதில் சொல்றவங்களுக்குத்தான் நாற்காலி," என்றார் சயீத்.

வெங்கட்ராமன் முந்திக்கொண்டார். "அந்த மாநிலத்துக்குச் சரக்கே கிடையாதுன்னு சொல்லிடுவோம் சார். அவங்க போலீஸ் கேட்டாலும் கிடையாது. நாலு கம்பெனி இப்படி முரண்டு பிடிச்சா சட்டம் தன்னால இறங்கி வரும்."

"எங்க இறங்கும்? நம்ம இடத்துல இன்னொரு கம்பெனி வந்து உக்காந்துக்கும்," என்றாள் நீலா. "சட்டம் தப்புன்னா நம்ம ஏஜென்ட் அந்த ஊர் கோர்ட்டுல கேஸ் போடட்டும். தீர்ப்பு வர்ற வரைக்கும் பத்துன்னா பத்துதான். பத்துக்கு மேல நுழையாதபடி கூட்டை அடைச்சுக் குடுப்போம் சார்."

சயீத்தின் தலை அவள் பக்கம்தான் ஆடியது. "யல்லா, சீக்கிரம்! திங்கட்கிழமை சாம்பிள் வேணும்."

வெளியே வந்ததும் நீலா ஒரு வரைபடத்தை நீட்டினாள். "சார், எனக்கு ஹிந்தி சுத்தமா வராதுங்க. கீழே நீங்க சொல்லிடறீங்களா?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. வெங்கட்ராமன் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்.

கீழே கூடு செய்கிற பகுதி இரண்டு. ஒன்றுக்குப் பட்டாணியரான குல்கான் மேஸ்திரி, மற்றதற்கு முதுகுளத்தூர் பாண்டித்துரை. வேலையாட்களிடம் தமிழில் பேசுவதில்லை என்பது வெங்கட்ராமனின் கொள்கை. தமிழில் பேசினால் சொந்தம் கொண்டாடுவார்கள், லீவு கேட்பார்கள். எல்லோருக்கும் ஹிந்திதான். வரைபடம் சட்டைப்பையை விட்டு வெளியே வரவில்லை. இரண்டு பகுதிக்கும் நடுவில் நின்று குரல் கொடுத்தார்:

"பந்த்ரா வாலா பந்த் கரோ!"

பதினைந்தை நிறுத்து. வேலை நின்றால் திங்கட்கிழமை சாம்பிள் கிடையாது, நீலாவும் கிடையாது. யாராவது கேட்டால், 'அடைக்கத்தான் சொன்னேன், பந்த் என்றால் அடை என்றும் அர்த்தம் உண்டே' என்று சொல்லிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போன மனுஷர், வெகு நாளைக்குப் பிறகு ரசத்துக்கு மறுசோறு கேட்டார்.

திங்கட்கிழமை, யார் கண்ணிலும் படாதிருக்க வரைபடத்தை அன்றைய சட்டைப்பைக்கு மாற்றிக்கொண்டு, அனுதாப முகம் ஒன்றைத் தயார் செய்துகொண்டு முதலாளி அறைக்குள் நுழைந்தார். பின்னாலேயே பாண்டித்துரை வந்து மேஜைமேல் ஐந்து கூடுகளை வைத்தான். சயீத் தோட்டாக்களை அடுக்கினார். பத்து நுழைந்தது. பதினொன்றாவது நுழைய மறுத்தது. அடியில் எஃகுத் துண்டு ஒன்றை வைத்து கழற்ற முடியாத ரிவெட் ஆணி அடித்திருந்தான்.

நீலா திருப்பிப் பார்த்தாள். "நான் ஸ்க்ரூதானே போட்டிருந்தேன்? படத்தைப் பாக்கலையா?"

"எந்தப் படம் மேடம்? வெங்கட் சார் பந்த் கரோன்னாரு. பத்துத் தோட்டா சட்டம்தான் கேன்டீன் வரைக்கும் நாறுதே. அடைச்சுப்புட்டோம். ஸ்க்ரூ போட்டா வாங்குனவன் அன்னைக்கே கழட்டிருவான். சட்டத்துக்குக் காட்ட ஒண்ணு, உள்ள ஒண்ணுன்னா அது களவாணித்தனமுல்ல?"

நீலா அதை அப்படியே இங்கிலீஷில் சொல்ல, சயீத் எழுந்து வந்து வெங்கட்ராமனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வேண்டாம்னு சொன்ன நீயே அவள் வேலையை அவளைவிட நல்லா முடிச்சிருக்க! நாற்காலி உனக்குத்தான்."

வெங்கட்ராமனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜன்னல், கடல், நாற்காலி எல்லாம் ஒரே வினாடியில் கண்முன் வந்து நின்றன.

பாண்டித்துரை சந்தோஷமாக, அவரிடம் வழக்கம்போல ஹிந்தியில் கேட்டான். "அப்ப குல்கான் பாயையும் மெஷினை ஓட்டச் சொல்லட்டா சார்? நீங்க பந்த் கரோன்னதுல இருந்து நிறுத்திட்டு உக்காந்திருக்காரு."

சயீத்துக்கு ஹிந்தி தாய்மொழி மாதிரி. பிடித்த கையை மெல்ல விட்டார்.

"வெங்கட், நீ சொன்னது எந்த பந்த்?" என்றார் இங்கிலீஷில். "குல்கான் மெஷினை நிறுத்திட்டானாமே. அடைக்கச் சொன்னியா, நிறுத்தச் சொன்னியா?"

நீலா அவருடைய சட்டைப்பையைப் பார்த்தாள். மடித்த காகிதத்தின் நுனி எட்டிப் பார்த்தது. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனாலும் நிதானமாகச் சொன்னாள்: "அடைக்கத்தான் சொல்லியிருப்பார் சார். குல்கான் தப்பா எடுத்திருப்பார்."

தலையை ஆட்டினால் போதும், நாற்காலி அவருடையது. ஆனால் இவள் போட்ட பிச்சையிலா? தினமும் காலையில் இவள் குட்மார்னிங் சொல்லும்போதெல்லாம் அந்த நாற்காலி முள்ளாய்க் குத்தாதா? பொறாமையே அவர் வாயைப் பிடுங்கியது.

"இல்லை சார். நிறுத்தத்தான் சொன்னேன்."

சயீத் தன் இடத்துக்குத் திரும்பினார். "கலாஸ், முடிஞ்சுது," என்றார். "நாற்காலி நீலாவுக்கு. நீ போய் குல்கான் மெஷினை ஓட்டச் சொல்லு."

படியிறங்கும்போது பாண்டித்துரை அவர் காதோரம் வந்தான்.

"என்ன சார் நீங்க! தமிழ்ல ஒரு வார்த்தை, 'நிறுத்துடா'ன்னு சொல்லியிருந்தா நானும் பேசாம நிறுத்தியிருப்பேனே!"