அதிகம் பேசாதவர்களுக்கான வாசனை

ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் எந்த சென்ட் பொருந்தும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கட்டிய புருஷன் விஷயத்தில்தான் கோட்டை விட்டேன்.

பெரிய கடையொன்றில் சென்ட் பிரிவில் நிற்பது என் வேலை. வருகிறவர்கள் காகிதப் பட்டையை மூக்கில் வைத்து உறிஞ்சிவிட்டு, நல்லாத்தான் இருக்கு, ஆனா என்று இழுப்பார்கள். அந்த ஆனாவைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காகிதத்தில் என்ன தெரியும்? மணிக்கட்டில் அடித்துக்கொண்டு கடையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாருங்கள் என்பேன். உடம்புச் சூடு பட்டால்தான் எந்த சென்டும் தன் குணத்தைக் காட்டும். எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு. ஆளைப் பார்த்து வாசனையைக் கொடுக்க வேண்டும். வாசனையைக் கொடுத்து ஆளை மாற்றலாம் என்று மட்டும் யாருக்கும் ஆசை காட்டக் கூடாது. அப்படி வாங்கிப் போகிறவர்கள் மறு வாரமே பாதி பாட்டிலோடு சண்டைக்கு வந்து நிற்பார்கள்.

மேல் தட்டில் அடர்ந்த பழுப்பு நிறத்தில் ஒரு பாட்டில் இருக்கும். பெட்டியில் வுட்டி ஓரியன்டல் என்று மரவாசனை வகையின் பெயர் போட்டிருக்கும். அடித்தவுடன் மிளகும் ஆரஞ்சுத் தோலும் சுருக்கென்று ஏறும். அது சீக்கிரமே அடங்கிவிடும். பிறகுதான் சந்தனமும் தேவதாருவும் மெல்ல வரும், அடியில் கொஞ்சம் வெனிலாவும் பிசினும் இருக்கும். வந்தால் லேசில் போகாது, சட்டையைத் துவைத்த பிறகும் காலரில் உட்கார்ந்திருக்கும். யாருக்குப் பொருந்தும் என்று கேட்டால் நாங்கள் சொல்வது இதுதான்: அதிகம் பேசமாட்டார், எடுத்த முடிவிலிருந்து இறங்கமாட்டார், சத்தம் போடாமல் காரியத்தைச் சாதிப்பார்.

இதைத்தான் என் வீட்டுக்காரருக்கு வாங்கிக்கொண்டு போனேன். என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ தெரியவில்லை.

எங்கள் அறையைப் பற்றிச் சொன்னால்தான் என் அவசரம் புரியும். இவருடைய அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருக்கிறோம். துணி காயப்போடும் பால்கனிக்கு எங்கள் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் பகலில் கதவைத் தாழ் போட முடியாது. ஓரகத்தி ஈர வாளியோடு வருவார். அவருடைய பிள்ளைகள் பந்தைத் தேடிக்கொண்டு வருவார்கள். இவருடைய அண்ணன், நான் மாமா என்று கூப்பிடுவேன், போன் பேசியபடியே உள்ளே வந்து பேசியபடியே போவார். லீவு நாளில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் தலைமாட்டில் யாராவது பக்கெட்டை வைப்பார்கள். ஒருவரும் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். சண்டை போடலாம் என்றால் காரணம் கிடைக்காது. ஒரு நாளாவது பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு என் பாட்டுக்குக் கிடக்க வேண்டும் என்பதுதான் கல்யாணமானதிலிருந்து என் ஆசை. இது ஒரு பேராசையா?

கடைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடிப் போர்ஷன் காலியானது. சின்ன வீடுதான், ஆனால் தனி வாசல். வீட்டுக்கார அம்மாவுக்கு என்னைப் பிடித்துப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னார். இவரைக் கையோடு அழைத்துப்போய்க் காட்டினேன். சுவரைத் தட்டிப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து மூடினார், ம் என்றார். அண்ணனிடம் இவர்தான் பேச வேண்டும். நான் பேசினால், வந்தவள் குடும்பத்தைப் பிரித்துவிட்டாள் என்று என் தலையில்தான் விடியும். எப்போது சொல்வீர்கள் என்று தினமும் கேட்டேன். பாக்கலாம் என்பார், அல்லது ம் என்பார். கல்லுளிமங்கன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை அவருக்கு. நாளெல்லாம் லென்சோடு குடித்தனம் நடத்துகிறவருக்குப் பேச்சு எங்கிருந்து வரும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வேன்.

ஞாயிறு காலை, குளித்துவிட்டு வந்தவரைப் பிடித்து நிறுத்திக் கழுத்திலும் மணிக்கட்டிலும் அந்த சென்டை அடித்துவிட்டேன். இன்று மத்தியானச் சாப்பாட்டில் சொல்லியே ஆக வேண்டும் என்று கறாராகச் சொன்னேன். மணிக்கட்டை மோந்து பார்த்தார். நல்லா இருக்கு என்றார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

சாப்பிட உட்கார்ந்ததும் மாமா மூக்கை உறிஞ்சிவிட்டு, என்னடா, இன்னொரு தடவை மாப்பிள்ளை ஆகப்போறியா என்று கேலி செய்தார். ஓரகத்தி விழுந்து விழுந்து சிரித்தார். இவரும் சிரித்தார். இதுதான் சமயம் என்று மேஜைக்கு அடியில் இவர் காலை மிதித்தேன். காலை இழுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். மாமா தண்ணீர் மோட்டார் சத்தம் போடுவதைப் பற்றி ஆரம்பித்தார். அதற்கு மட்டும் இவர் வாய் திறந்தது. பேரிங் போயிருக்கும், மாற்றிவிடலாம், நானே பார்க்கிறேன் என்று ஒரு பிரசங்கமே செய்துவிட்டுக் கை கழுவ எழுந்துபோனார். எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

"ஒரு வார்த்தை சொல்றதுக்கு அவ்வளவு பயமா உங்களுக்கு?"

"பயமெல்லாம் இல்ல."

"பின்ன ஏன் இன்னும் ஒரு முடிவுக்கு வராம இழுத்தடிக்கிறீங்க?"

கொடியில் காய்ந்திருந்த துண்டை எடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தார்.

"முடிவெல்லாம் அந்த வீட்டைப் பாத்த அன்னைக்கே பண்ணிட்டேன். நாம போகல. எனக்கு இங்கதான் பிடிச்சிருக்கு."

"அதை ஏங்க என்கிட்ட சொல்லல?"

"அண்ணன்கிட்ட எப்ப சொல்லுவீங்கன்னுதானே தினம் கேட்ட. போலாமான்னு ஒரு நாளும் கேக்கலையே."

சொன்னதில் பொய்யில்லை, நான் கேட்கவே இல்லை. ஆனால் நான் அந்த வீட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவெடுத்ததைப் பார்த்துக்கொண்டு, டேப்பின் மறுமுனையையும் பிடித்துக்கொண்டு நின்றவர்தானே இவர்! பயந்தாங்கொள்ளி என்று நினைத்துத் தைரியம் வரவழைக்கப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஆளாக இவர் என் கவுண்டருக்கு வந்திருந்தால், முகத்தைப் பார்த்ததுமே அந்தப் பழுப்பு பாட்டிலை எடுத்துக் கொடுத்திருப்பேன். தவறாக வாங்கிவிட்டேன் என்று என்னைத் திட்டிக்கொள்ளவும் வழியில்லை.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. ஓரகத்தி ஈர வாளியோடு வந்தார். ரெண்டு பேருக்கும் இங்கே என்ன ரகசியம் என்று சிரித்தபடி எங்களுக்கு நடுவில் புகுந்து துணி உதற ஆரம்பித்தார். என் முகத்தில் தண்ணீர் தெறித்தது. கைபேசி அடித்தது. வீட்டுக்கார அம்மாதான். வேறு ஆட்கள் வந்து வாசலில் நிற்கிறார்கள், நீ என்னம்மா சொல்கிறாய் என்று கேட்டார்.

ஓரகத்தியின் காதில் விழும் என்று தெரிந்துதான் பேசினேன்.

"ஒரு ஆளுக்குன்னா குடுப்பீங்களாம்மா?"

தாராளமாகக் கொடுப்பேன் என்றார். ஏன், சாருக்கு வெளியூரில் வேலையா என்று விசாரித்தார். ஓரகத்தியின் கை கொடியிலேயே நின்றுவிட்டது. இவர் மடித்த துண்டைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். இப்போதாவது ஏதாவது சொல்வார் என்று, போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தேன். அந்த அம்மா இரண்டு தரம் ஹலோ என்றார்.

"இல்லம்மா," என்றேன். "அவரு இங்கயேதான் இருப்பாரு."