கதவு திறந்தால் கெட்டுப்போகும் சத்தம்

1

ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல. கிளிநொச்சியில் வெயிலுக்கு ஒரு ஸ்பீக்கர் கடைக்குள் ஒதுங்கியபோது காதில் விழுந்தது. வழக்கம்போல முதல் வரியில் ஒரு பிணத்தைக் கிடத்தினேன்:

'கம்பளத்தில் இரத்தம். பாட்டு மட்டும் நிற்கவில்லை. அப்போதுதான் கதவு...'

வேண்டாம். அந்தக் கடையில் கொலையானது மூளை மட்டும்தான்.

2

பிரதாபன், உருத்திரபுரத்துக் கோயில் ஒன்றுக்குப் பன்னிரண்டு வருடமாகக் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவன். அந்தப் பத்து நாள் திருவிழாதான் அவனுடைய பிழைப்பு. இப்போது கனடாக்காரர் ஒருவர், தன் வீட்டு ஹோலில் பாடும் அதே மாதிரி ஸ்பீக்கரை அம்மனுக்கு உபயம் செய்யப்போகிறாராம். கோயில் தலைவர் நல்லதம்பி இந்தக் கடையில் நேரில் கேட்டு, சம்மதமென்று 'ஓம்' சொன்னால் சரி. தொழில் தெரிந்தவன் என்று பிரதாபனையே கூட்டிவந்திருந்தார்.

[வெட்டப்போகிற கத்தியை அவனிடமே தீட்டக் கொடுத்திருக்கிறார். இதற்குப் பெயர் மரியாதை.]

3

கம்பளம், திரைச்சீலை, ஏசி, நடுவில் ஒரேயொரு கதிரை. விற்பனையாளன் சுகிர்தன் கருவறையில் நிற்பவனைப்போலக் கிசுகிசுத்தான்:

"அசையாமல் இருங்கோ ஐயா. நாதஸ்வரக்காரர் மூச்செடுக்கிறதும் கேக்கும்."

நல்லதம்பி கதிரையில் அமர்ந்து கண்ணை மூடினார். "டேய், மூச்சுக் கேக்குதடா!"

"திருவிழாவுக்கும் ஒரு கதிரைதான் போடப்போறியளோ?" என்றான் பிரதாபன். "கதவைத் திறவுங்கோ தம்பி. நான் ரோட்டில நிண்டு கேக்கிறன்."*

"கதவு திறந்தால் சத்தம் கெட்டுப்போம், அண்ணை."

"நாலு பக்கமும் வயல். அங்க எந்தக் கதவைச் சாத்துறது?"

"எரிச்சலில கதைக்காத!" என்றார் நல்லதம்பி.

* ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, சத்தம் தேயும்வரை வயல் வரம்பில் நடப்பான். அவனுக்குத் தெரிந்த சோதனை அது ஒன்றுதான்.

4

பிரதாபனே கதவைத் திறந்தான். பத்தடி நடந்து ரோட்டுக்கு வந்தான். ஒரு வவுனியா பஸ் போனது. நாதஸ்வரக்காரர், மூச்சு உட்பட, அதில் ஏறிப்போய்விட்டார்.

வாசலில் நல்லதம்பி: "என்னடா, கேக்குதே?"

முடிவு அ: "இல்லை ஐயா." உண்மை. ஆனால் 'பொறாமை பிடிச்சவன்' என்று ஊர் கதைக்கும், ஸ்பீக்கரும் வந்தே தீரும்.

முடிவு ஆ: "நல்லாக் கேக்குது ஐயா." கொடியேற்றத்தன்று வயல் ஊமையாகும். மறுநாள் விடியமுதல் தலைவர் பழைய குழாயைக் கேட்டு அவன் வீட்டுப் படலையில் நிற்பார்.

5

இரண்டையும் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் பிரதாபன் முட்டாள், மற்றதில் கள்ளன். நல்லதம்பி மட்டும் இரண்டிலும் தலைவர்!

ஆகவே பிரதாபன் இன்னும் வெயிலில் நிற்கிறான். நீங்கள் கதிரையில் சாய்ந்து மூச்சுக் கேட்டது போதும். எழும்பி வந்து அவனுக்குப் பக்கத்தில் நின்று, பதிலை நீங்களே சொல்லுங்கோ.

கெதியாய். கதவு திறந்து கிடக்கிறது, சத்தம் கெட்டுவிடும்.