ராங்கியின் மூன்றாவது குட்டி

காலை பத்தரைக்கு வனத்துறை அதிகாரி மூங்கில் கூடையும் கையுமாக ஜீப்பில் ஏறிவிட்டார். படக்காரி பின்னாலேயே ஓடி வந்தாள். காட்டுக் கேமராக்கள் அனுப்பும் படங்களைப் பார்த்துப் பட்டியல் போடுவது அவள் வேலை. ஆபீஸில் படத்தை யாரும் பார்ப்பதில்லை, பட்டியலைத்தான் பார்ப்பார்கள்.

ராங்கி என்று எல்லோரும் செல்லமாகக் கூப்பிடும் சிறுத்தைக்கு மூன்று குட்டிகள். மகராசி குகை மாறிக்கொண்டிருந்தாள். நேற்று மாலை ஆறரைக்கு ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு போனாள், இரவு எட்டுக்கு இன்னொன்றை. அதோடு சரி, ஆளைக் காணோம். மூன்றாவது பழைய குகையில் தன்னந்தனியாகக் கிடக்கிறது. பட்டியல் சொன்ன கதை இது.

"பதினாலு மணி நேரமாச்சும்மா. கைவிட்டுட்டா. குட்டியத் தூக்கிட்டு வந்து நாமதான் பால் குடுக்கணும்" என்றார் அதிகாரி.

"ராங்கி அப்படிப்பட்டவ இல்ல சார். நாம அங்க போய் நின்னா, வர்றவளும் வர மாட்டா."

"பட்டியல் நீ போட்டதுதானே?"

அவள் விடுவிடுவென்று உள்ளே போய்ப் படங்களைத் திறந்தாள். வீட்டில் குழந்தைக்குப் பல் முளைக்கிறது. அவளும் கணவனும் தூங்கி மூன்று நாள் ஆகிறது. காலையில் அரைத்தூக்கத்தில் படத்தின் ஓரத்திலிருந்த நேரத்தை மட்டும் பார்த்துப் பட்டியலில் தட்டித் தொலைத்திருந்தாள். இப்போதுதான் படத்தைப் படமாகப் பார்த்தாள்.

இரவு மணி எட்டு. பாறை மேல் பளீரென்று வெயில்!

அந்தக் கேமராவுக்கு நேற்று பேட்டரி மாற்றியது வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரன்தான். போனைப் போட்டாள்.

"ஏங்க, கேமராவுல மணி வச்சீங்களே, காலையா சாயங்காலமான்னு பாத்தீங்களா?"

அந்தப் பக்கம் நீளமாக ஒரு கொட்டாவி. "பாக்கிறதா? நான் கண்ணையே தொறக்கலம்மா."

"என் ராசா! நீங்க நல்லா இருக்கணும்!"

லேப்டாப்பை இடுப்பில் குழந்தையைப் போல இடுக்கிக்கொண்டு ஜீப்புக்கு ஓடினாள். செருப்பு ஒன்று வாசலிலேயே நின்றுவிட்டது.

"சார், கேமரா கடிகாரம் பன்னண்டு மணி நேரம் தப்பு! அவ போனது இன்னிக்குக் காலையில எட்டுக்கு. ரெண்டு புள்ளயத் தூக்கிட்டு மலை ஏறினவ கொஞ்சம் மூச்சு விட வேணாமா?"

அதிகாரி படத்திலிருந்த வெயிலைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார், மீசையைத் தடவினார். "பதினொண்ணு வரைக்கும் பொறுக்கிறேன். வரலன்னா கூடைதான்."

ஜீப்பின் மூக்கு மேல் லேப்டாப்பை வைத்து இருவரும் கண் கொட்டாமல் நின்றார்கள். பத்தே முக்கால். பத்து ஐம்பது. படக்காரி நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்துவிட்டாள்.

பத்து ஐம்பத்தெட்டுக்கு 'டிங்' என்றது. நேற்று இரவு பத்து ஐம்பத்தாறு என்று சத்தியம் செய்தபடி ஒரு படம் வந்து விழுந்தது. சுள்ளென்ற வெயிலில் ராங்கி! வாயில் மூன்றாவது குட்டி, கால்களைச் சுருட்டிக்கொண்டு, உலகத்தில் ஒரு கவலையும் இல்லாமல் தொங்கியது.

அதிகாரி கூடையைத் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். படக்காரிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. படத்தைப் பெரிதாக்கினாள். ராங்கியின் கண்கள் பாதி செருகியிருந்தன. இன்று காலை கண்ணாடியில் அவள் பார்த்த அதே கண்கள்.

"சார், பாருங்க," என்றாள், "இவளும் தூங்கி மூணு நாளாச்சு!"