உயிரோடு இருப்பவருக்கு ஒரு மலர்

கோப்பாய்ச் சிவசுப்பிரமணியம் வாத்தியார் வீட்டு அலுமாரிகளில் இருந்தவை எல்லாமே பலர் எழுதித் தொகுத்த புத்தகங்கள். மாநாட்டு ஆய்வுத் தொகுதிகள், சிறுகதைத் திரட்டுகள், கும்பாபிஷேக மலர்கள், செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் வீட்டுக்காரர் அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலர்கள். ஒருவரே தனியாக எழுதிய புத்தகத்தை அவர் மதிப்பதில்லை. ஒரு ஆள் சொல்வதை எப்படி நம்புவது என்பார். இத்தனை தொகுதிகளிலும் தன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் மனிதரை அரித்துக்கொண்டிருந்தது.

"எங்கடை ஆக்கள் ஒருத்தனைப் பற்றி நல்லதாய்ச் சொல்லுறதெண்டால் அவன் சாக வேணும். எனக்கு அதை உயிரோடை இருந்து வாசிக்க வேணும்," என்று மனைவி மீனாம்பிகையிடம் சொன்னார். எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குத் தானே தனக்கொரு பவள விழா மலர் போடத் தீர்மானித்தார். நாற்பது பேருக்குக் கடிதம் போனது. ஆய்வோ கதையோ, எதையும் தரலாம் என்று பெருந்தன்மையாக எழுதியதுதான் அவர் விட்ட பிழை.

இரண்டு மாதத்தில் ஐந்து வந்தன. வெங்காய நோய் பற்றி ஓர் ஆய்வு. கிணறுகள் பற்றி, பக்கத்துக்குப் பத்து அடிக்குறிப்போடு இன்னொன்று. பனங்காணியில் பேயைக் கண்ட சிறுகதைகள் இரண்டு. வட்டுக்கோட்டையிலிருந்து ஒருவர் பஸ் நேர அட்டவணையின் வரலாறு எழுதியிருந்தார். எல்லாரும் மேசை லாச்சியில் கிடந்ததைத் தூசு தட்டி அனுப்பியிருந்தார்கள். ஒன்றிலும் வாத்தியார் இல்லை.

"பேய்க்கு இரண்டு கதை. எனக்கு ஒரு வரியில்லை," என்றார்.

அச்சகத்து ஜெயரூபன் பதினைந்து வருடமாக நினைவு மலர்களையே அடித்து அடித்துக் கை பழகிப் போனவர். அந்தப் பழக்கத்தில் அட்டையையும் செய்தார். வாத்தியார் படத்தைச் சுற்றி மாலை, கீழே எரியும் தீபம். 'ஆக்கம் தராதோர் விரைவாகத் தரவும்' என்ற குறிப்போடு அதை எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்.

இரண்டு நாளில் முப்பத்தைந்து ஆக்கங்கள் வந்து குவிந்தன.

வாத்தியார் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தார். அவரைப்போலப் புவியியல் படிப்பித்தவர் இனிப் பிறக்கமாட்டார் என்றார் ஒருவர். அவர் சிரிப்பை மறக்க முடியவில்லை என்றார் மற்றவர். அவர் சிரித்து மீனாம்பிகையே கண்டதில்லை. வாத்தியார் சால்வையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து வாசித்தார்.

மீனாம்பிகை அவற்றை வாங்கி, ஒவ்வொன்றின் கடைசிப் பந்தியை மட்டும் பார்த்தாள். நீர்வேலி முத்துக்குமாரு இப்படி முடித்திருந்தார்: 'அன்னார் புத்தகங்களை உயிராகப் பேணியவர். எனது ஆய்வுத் தொகுதிகள் இரண்டு பதினெட்டு வருடங்களாக அவரிடம் பத்திரமாக உள்ளன. அந்தியேட்டி முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்வேன்.' மற்ற முப்பத்துநான்கும் ஏறக்குறைய அப்படியே முடிந்தன.

"இஞ்சருங்கோ, உங்கடை எண்டு இந்த வீட்டிலை ஒரு புத்தகமாவது இருக்கோ?"

அதற்குள் வாசல் படலை திறந்தது. ஒரு சீப்பு வாழைப்பழமும் வெறும் உரப்பையுமாக முத்துக்குமாரு துக்கம் விசாரிக்க வந்துகொண்டிருந்தார். வாத்தியாரைக் கண்டதும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்தார்.

"நீர் இருக்கிறது சந்தோசம். அப்ப என்ரை கட்டுரையைத் தாரும், நான் அதைக் கொஞ்சம் குறைக்க வேணும்."

வாத்தியார் உள்ளே போய் இரண்டு தொகுதிகளையும் கொண்டுவந்து உரப்பைக்குள் வைத்தார். "ஒரு எழுத்தும் குறைக்கப்படாது," என்றார்.

மற்றவர்களுக்கும் அதே ஏற்பாடுதான். விழாவன்று வந்தவர்கள் ஒரு கையில் மலரும் மறு கையில் தங்கள் புத்தகங்களுமாகப் போனார்கள். அலுமாரிகள் துடைத்து விட்டதுபோல் ஆயின. நடுத்தட்டில் அந்த மலர் மட்டும் தனியே நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க வாத்தியாருக்கு நெஞ்சு நிறைந்தது.

அடுத்த கிழமை முத்துக்குமாரு வந்தார்.

"என்ரை மலரை மச்சான் கொண்டுபோயிட்டார். உம்மடையைத் தாரும், வாசிச்சிட்டுத் தாறன்."

வாத்தியார் அலுமாரிக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"இதிலை இருந்து வாசியும்," என்றார். "தேத்தண்ணி தாறன்."