பரிசீலிக்கப்பட்டவர்

அப்பாவின் எல்லா நூல்களின் பின்னட்டையிலும் ஒரு வரி இருக்கும்: ‘உலகப் பரிசுக்குப் பரிசீலிக்கப்பட்டவர்’. பரிசு வாங்கியவர்களையே ஜனங்கள் இரண்டு வருடத்தில் மறந்துவிடுகிறார்கள். அப்பா வாங்காத பரிசை வைத்தே ஐம்பது வருடம் காலம் தள்ளினார்.

ஆதாரம், பரிசுக் குழு அனுப்பிய ஓர் அட்டை. ‘உங்களைப் பற்றிய பரிந்துரை கிடைத்தது’ என்று அச்சடித்திருந்தது. கல்யாணப் படத்தைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியில் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். பேராசிரியர்கள்தான் பரிந்துரைக்க முடியும்; அது யார் என்று தெரியாததால், சந்தேகப்பட்ட மூன்று பேருக்கும் வருடம் தவறாமல் வாழ்த்து அனுப்பினார். மூவரும் நன்றி சொல்லிப் பதில் போட்டார்கள்.

குழுவின் கோப்புகள் ஐம்பது வருடம் பூட்டிக் கிடக்கும். பிறகு கேட்டவர்களுக்குப் பிரதி தருவார்கள். தொண்ணூற்றிரண்டு வயதில் அப்பா அதற்காகவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தெரியாமல் கண்ணை மூட மாட்டாராம். எழுதிக் கேட்டது நான். பிரதி வந்ததும் முதலில் படித்ததும் நான்தான்.

நன்றாக இருக்கிறதா என்று கேட்டார்.

“பூரா உங்களப் பத்தித்தாம்ப்பா இருக்கு” என்றேன்.

உடனே எல்லோரையும் கூப்பிடச் சொன்னார். கோப்பு ஆங்கிலத்தில் இருந்தது; அவருக்குப் பார்வை போய்விட்டதால் நான்தான் மொழிபெயர்த்து வாசிக்க வேண்டும். நினைத்திருந்தால் நாலு நல்ல வாக்கியங்களை நானே எழுதி வாசித்திருக்கலாம், அவர் மகள்தானே. இரக்கம் வருமா என்று மூன்று நாள் பார்த்தேன். வரவில்லை.

ஞாயிறு காலை பதிப்பாளர், ஒரு நிருபர், சித்தப்பா, அத்தை எல்லோரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார். கோப்பில் இருந்தது ஒரே ஒரு கடிதம். எழுதியவள், ஒன்பது வருடம் முன்பு செத்துப்போன என் அம்மா. வாசித்தேன்.

‘ஐயா, என் கணவர் நன்றாக எழுதுவார். போன வருடம் உங்கள் பரிசு வேறொருவருக்குப் போனதும் என் சுண்டுவிரலை ஒடித்துவிட்டார். மகளுக்குப் பன்னிரண்டு வயது, அவளையும் அடிக்கிறார். இந்த வருடமாவது இவருக்குக் கொடுத்துவிடுங்கள். சின்னப் பரிசாக இருந்தாலும் போதும்.’

அடியில் குழுவின் குறிப்பு: ‘பரிந்துரைக்கும் தகுதி இல்லாதவர். பரிசீலனைக்கு எடுக்கப்படவில்லை.’

கதவில் நசுங்கியது என்று சொல்லித்தான் அம்மா கடைசிவரை அந்த விரலை மறைத்தாள். அதே விரலோடு அவருடைய ஆறு நாவல்களையும் தட்டச்சு செய்து கொடுத்தாள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பதிப்பாளர் தரையைப் பார்த்தார். நிருபரின் பேனா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. காதும் மந்தமாகிவிட்டதை நாங்கள் எல்லோருமே மறந்திருந்தோம்.

“என்னம்மா, யாரும் கைதட்டக் காணோம்? எனக்குச் சரியாக் கேக்கல. கொஞ்சம் சத்தமாப் படி.”

சித்தப்பா எழுந்து வந்து தாளைப் பிடுங்கப் பார்த்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டு, நாற்காலியை அப்பாவின் காதருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்.