ஓர் உயிரும் போகவில்லை

தலைவர் தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாக வெளியிட்ட வாரத்தில் கடைவீதி முனையிலிருந்த ஜெராக்ஸ் கடைக்கு மூச்சுவிட நேரமில்லை. புத்தகம் தலையணை கனம். அதை முழுதாகப் படிக்க ஊரில் யாருக்கும் பொறுமை இல்லை. ஆனால் தன் பெயரோ, தன் மாமன் பெயரோ, தனக்கு ஆகாதவன் பெயரோ எந்தப் பக்கத்தில் வருகிறது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பக்கத்தை நகலெடுத்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பதும் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டுவதும் சில நாட்களிலேயே ஊர் வழக்கமாகிவிட்டது.

கடையைக் கணவனும் மனைவியுமாக நடத்தினார்கள். அவள் இயந்திரத்தருகே நிற்பாள். அவர் முன்மேசையில் உட்கார்ந்து லேமினேஷனும் பைண்டிங்கும் பார்ப்பார்.

"அக்கா, எங்க பெரியப்பாவத் திருடன்னு எழுதியிருக்காரு. பத்து காப்பி போடுங்க" என்றபடி செருப்புக் கடைக்காரன் வந்தான்.

"திருடன்னு எழுதினதுக்கா பத்து காப்பி?"

"திட்டினாலும் பேரப் போட்டுல்ல திட்டியிருக்காரு! எங்க பரம்பரையிலயே புத்தகத்துல ஏறின ஒரே பேரு இதுதான்."

அவனுக்குப் பின்னால் முன்னாள் கவுன்சிலர் நின்றிருந்தார். 'என்னுடன் ஒரு நண்பரும் வந்தார்' என்றிருந்த பக்கத்தை விரித்துக் காட்டி, "அந்த ஒரு நண்பர் நான்தான்" என்றார். "லேமினேட் பண்றப்போ அந்த எடம் மட்டும் கொஞ்சம் எடுப்பாத் தெரியற மாதிரி செய்ய முடியுமா?"

"பக்கம் முழுக்கவே பளபளன்னு வரும் சார்" என்றார் கணவர், முகம் மாறாமல்.

எதிரே தேநீர்க் கடையில் தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. தலைவர் யாரைத் துரோகி என்றார், யாரைச் சொல்லாமல் விட்டார் என்று நான்கு பேர் திரைக்குள் சண்டை போட்டார்கள். திரைக்கு வெளியே எட்டுப் பேர் போட்டார்கள். "அத்தனையும் புளுகு மூட்டை" என்று ஒருவர் சொன்னால், "உனக்கு வயித்தெரிச்சல்" என்று இன்னொருவர் கண்ணாடிக் குவளையை மேசையில் டொக்கென்று வைப்பார். ஒருவன் கடைவாசலிலேயே புத்தகத்தைக் கிழித்துப் போட்டான். இன்னொருவன் அந்தத் தாள்களைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்தாலும் கணவன் மனைவி இருவருக்கும் மனம் வேறிடத்தில் இருந்தது. அவர்களுக்கும் அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தாக வேண்டும்.

அவர்களுக்கு ஒரே மகன். இருபது வருடங்களுக்கு முன் தலைவர் நடத்திய பாலத்து ஊர்வலத்துக்குக் கல்லூரியிலிருந்து நேராகப் போனான். பாலத்தின் நடுவில் தடியடி தொடங்கியது. ஜனம் சிதறி ஓடியதில் கீழே விழுந்த ஒரு கிழவரைத் தூக்கிவிடக் குனிந்தான். கிழவர் எழுந்துவிட்டார், அவன் எழவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோன வழியிலேயே போய்விட்டான். மறுநாள் தலைவரே வீடு தேடி வந்தார். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் உட்காராமல், தரையில் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு, "இவன் எனக்கும் மகன்தான். நான் என் கதைய எழுதினா இவன் இல்லாம எழுதமாட்டேன்" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே இருவரும் இத்தனை வருடத்தையும் கடத்தியிருந்தார்கள்.

கடைக்கு வருகிற புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்திருக்கலாம். கணவர்தான் வேண்டாமென்றார்.

"அடுத்தவங்க புத்தகத்துல ஏன் திருட்டுத்தனமாப் பாக்கணும்? நாம சொல்லிவச்ச புத்தகம் வரட்டும். ரெண்டு பேரும் சேந்து உக்காந்து படிப்போம்."

சரியென்றாள். ஒவ்வொரு பக்கமாகக் கவிழ்த்து வைத்து மூடியை அமுக்கும்போதெல்லாம், "கடவுளே, அவன் பேரு ஒரு எழுத்துகூட மாறாம வந்திருக்கணும்" என்று வேண்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை பகலில் தையற்காரர் வந்தார். ஒல்லியான மனிதர். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, நம்ம பக்கமும் வந்துடுச்சு! பாலத்து ஊர்வலத்துக்குக் கொடி தைச்சது யாரு? நான்தான? 'கடலலை போல் கொடிகள்'னு எழுதியிருக்காரு பாருங்க. கண்ணு முழிச்சுத் தைச்சது வீண் போகல" என்று சத்தமாகப் படிக்கத் தொடங்கினார். "கடலலை போல் கொடிகள் அசைந்தன. பாலத்தின் நடுவே தடியடி நடந்தது. ஆயினும் இறைவன் அருளால் அன்று ஓர் உயிரும்..."

அங்கே நிறுத்திவிட்டார். தான் எந்தக் கடையில், யார் முன்னால் நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. புத்தகத்தை மூடப் போனார். அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். மீதி ஒரே சொல்தான். போகவில்லை.

அதைப் படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். இறைவன் அருளால் என்ற இடத்தில் விரல் நின்றது. தினமும் விளக்கேற்றி அவள் கூப்பிடுகிற கடவுளை அந்த வரிக்குச் சாட்சியாக நிறுத்தியிருந்தார்கள்.

"அக்கா, எனக்குக் காப்பி வேணாம்க்கா" என்றார் தையற்காரர். "நான் ஒரு முட்டாள்க்கா."

"நீங்க என்ன பண்ணீங்க? உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றாள் அவள். அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் புத்தகத்தைக் கணவரிடம் கொண்டுபோனாள். மறைத்து வைக்க அவளுக்குத் தெரியாது.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொருமுறை படித்தார். பிறகு கடைக்காரர் குரலில், "அச்சுல இதெல்லாம் நடக்கறதுதான்" என்றார். "வயசாயிடுச்சு. யாரோ எழுதிக் கொடுத்திருப்பாங்க, இவரு பாத்திருக்க மாட்டாரு. அடுத்த பதிப்புல திருத்திடலாம். நாளைக்கு அரங்கத்துக்குக் கையெழுத்துப் போட வர்றாராமே? நேர்ல போய்ச் சொல்லிடுவோம்."

"கோவமே வரலையா உங்களுக்கு?"

"ஒரே ஒரு வரி. அத மாத்திட்டா என் புள்ளை செத்தது செத்ததா இருக்கும். அது போதும் எனக்கு."

அன்று மாலை அவரே கணினியில் உட்கார்ந்து ஒரு தாள் அடித்தார். மேலே மகன் பெயர் பெரிய எழுத்தில். கீழே ஊர்வலம் நடந்த தேதி, மருத்துவமனை, அடுத்த பதிப்பில் இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்ற பணிவான வேண்டுகோள். நல்ல தாளில் அச்செடுத்து, ஓரம் மடங்காமல் உறையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அரங்கத்தில் வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்தது. சொல்லிவைத்த புத்தகம் இன்னும் வராததால், வாசலில் விற்றதில் ஒன்று வாங்கிக்கொண்டார்கள். மேடைக்குக் கீழே மேசை போட்டு ஒரு தொண்டர்ப் பெண் உட்கார்ந்திருந்தாள். யாருக்காகக் கையெழுத்து என்று கேட்டுச் சின்னச் சீட்டில் பெயர் எழுதிப் புத்தகத்தில் ஒட்டி அனுப்புவது அவள் வேலை. தலைவர் சீட்டைப் பார்த்து அந்தப் பெயருக்கு வாழ்த்தெழுதி ஒப்பமிடுவார்.

கணவர் உறையை நீட்டினார்.

"ஐயா, இவ்வளவெல்லாம் தலைவரால படிக்க முடியாது. கண்ணு சரியில்ல" என்றாள் அந்தப் பெண், வரிசையைப் பார்த்தபடி. "பேரு மட்டும் போதும்." தாளின் மேலே பெரிதாக இருந்த பெயரைப் பார்த்துச் சீட்டில் எழுதி ஒட்டிவிட்டாள். தாள் அவள் மேசையிலேயே தங்கிவிட்டது.

மனைவி திரும்பிப் போய் எடுக்கப் பார்த்தாள். "விடு" என்றார் கணவர். "பேரப் பாத்தாலே அவருக்கு ஞாபகம் வந்துடும். மத்தத நான் வாயால சொல்லிக்கறேன்."

தலைவர் உடம்பு இளைத்துப் பாதியாகியிருந்தார். கை நடுங்கியது. சீட்டிலிருந்த பெயரை உதட்டசைத்துப் படித்தார். எழுதினார். நிமிர்ந்து நல்ல சிரிப்பாகச் சிரித்தார்.

"அருமையான பேரு. பையனா? என்ன பண்றான்?"

வழியெல்லாம் வாக்கியங்களைக் கோர்த்துக்கொண்டு வந்த கணவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மனைவிதான் பேசினாள்.

"உங்க ஊர்வலத்துக்கு வந்தான் ஐயா. அதுக்கப்புறம் அவன் வீட்டுக்கு வரல."

"எந்த ஊர்வலம்மா?"

"பாலத்து ஊர்வலம்."

தலைவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு அவளைத் தேற்றுகிறவர்போல மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கு யாருக்கும் ஒண்ணும் ஆகலையேம்மா. புத்தகத்துலயே எழுதியிருக்கேன் பாருங்க."

அவள் அவர் கண்களைப் பார்த்தாள். அதில் பொய் இல்லை. பொய் இருந்திருந்தால் ஊரே கேட்கக் கத்தியிருப்பாள். ஒரு காலத்தில் தன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து அழுத மனிதர் அந்தக் கண்களில் எங்குமே இல்லை. வெறும் ஒரு வயசாளி, கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்ட நிம்மதியோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்தவங்க நிக்கறாங்க" என்று உதவியாளர் தோளைத் தொட்டார்.

"உடம்பப் பாத்துக்குங்க ஐயா" என்றார் கணவர். மனதாரத்தான் சொன்னார். இருவரும் இறங்கி நடந்தார்கள்.

வெளியே படிக்கட்டில் ஓரமாக உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார்கள். கோணல் எழுத்தில் மகன் பெயர். அதன் கீழே, 'நூறாண்டு நலமுடன் வாழ்க.'

மகனைக் கொண்டுவந்து கிடத்திய அன்றுகூட எல்லோருக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டு நின்றவர் கணவர். இப்போது புத்தகத்தை மார்போடு சேர்த்துக்கொண்டு, வாயைத் துண்டால் பொத்தியபடி குலுங்கினார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலைவரைப் பார்த்த ஆனந்தம் என்று நினைத்து ஒருவர் படம்கூட எடுத்தார்.

மனைவி அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அப்போது அந்தத் தொண்டர்ப் பெண் படியிறங்கி ஓடிவந்தாள். ஒரு கையில் அவர்கள் விட்டுவிட்டு வந்த தாள். இன்னொரு கையில் தண்ணீர்ப் பாட்டில்.

"அம்மா, நான் இப்பதான் இதப் படிச்சேன். அப்பவே படிச்சிருக்கணும். என்னை மன்னிச்சுக்குங்க."

"நீ என்னம்மா பண்ணுவ? உன் வேலைய நீ பாத்த."

கணவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த பதிப்புல போடுவாங்களாம்மா?" என்று கேட்டார்.

சரியென்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போயிருக்கலாம். அந்தச் சமயத்துக்கு அது இனிப்பாகவும் இருந்திருக்கும். அவள் தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இதக் கொண்டுபோய்க் கொடுக்கறேன் ஐயா. ஆனா போடுவாங்கன்னு எனக்குத் தோணல. உங்ககிட்டப் பொய் சொல்ல மனசு வரல."

அவர் தலையசைத்தார். அந்தப் பதிலில் அடி இருந்தது, அவமதிப்பு இல்லை.

உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். மேசையில் ஆள் இல்லாமல் வரிசை முண்டியது. அவள் போகவில்லை. பாட்டிலின் மூடியைத் திறந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர்களுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்துகொண்டாள்.

"எப்படி இருப்பாரும்மா உங்க பையன்? சொல்லுங்களேன்."

இருபது வருடத்தில் அவர்களிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எப்படிச் செத்தான் என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

"ஒல்லியா இருப்பான்" என்று தொடங்கினாள் தாய். "காது ரெண்டும் பெருசு. தூங்கறப்போ ஒரு கால சுவத்துமேல தூக்கி வச்சுக்குவான். எத்தனை தடவ எறக்கி விட்டாலும்..."

"மறுபடியும் ஏத்திக்குவான்" என்றார் கணவர். "சுவத்துல அழுக்காயிடும்மா. நான் திட்டுவேன். அந்த எடத்துக்கு மட்டும் வருஷா வருஷம் வெள்ளையடிக்கணும்."

"அப்பாவுக்குப் பயப்படுவாரா?"

"எனக்கா? என்னைப் பாத்தா அவனுக்குச் சிரிப்பு வரும்மா" என்றார். சொல்லிவிட்டு அவரும் சிரிக்கப் பார்த்தார். அந்தப் பெண் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தாளை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்றாள்.